புரொஜெக்டருக்கு வைத்த பொட்டு

இந்தக் காலத்தில் எதைக் கொடுத்தாலும் வாங்குகிறவனை வரிசையில் நிறுத்திப் போட்டோ பிடிக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் போட்டாலும் போட்டோ. பிள்ளைகளுக்கு எழுத இரண்டு கொப்பி கொடுத்தாலும் போட்டோ. கொடுத்த சாமான் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருவனும் திரும்பி வருவதில்லை. அப்படி வந்தால், கொடுத்ததைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போகத்தான் வந்திருப்பான். அழகமுத்து எழுபது வருஷமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஓப்பநாயக்கவில் இறங்கி, தோட்டத்து பஸ் திரும்புகிற இடம் வரை போய், அங்கிருந்து அரை மைல் ஏறினால் வருகிற பாடசாலைக்கு அவர் காவல்காரர். அதற்கு முன்னே முப்பத்தெட்டு வருஷம் இஸ்டோர் என்கிற தோட்டத்துத் தொழிற்சாலையில், தேயிலை காய்கிற மெஷினுக்குப் பக்கத்தில் வெந்தவர். படிப்பு இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருஷம் மாட்டுப்பட்டிக்குப் போனார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னே பாடசாலைக்கு ஒரு லொறி வந்தது. ஐந்து கொம்பியூட்டர், ஒரு பிரின்டர், சுவரில் படம் காட்டுகிற புரொஜெக்டர் ஒன்று. வழக்கம்போலப் போட்டோ பிடித்தார்கள். பிஸ்கட் பெட்டி அடுக்கியிருந்த அறையைக் காலி பண்ணி, ஜன்னலுக்குக் கம்பி அடித்து, சாமான்களை உள்ளே வைத்து, பொலித்தீன் போட்டு மூடினார்கள். கதவில் ஒரு பலகை தொங்கியது. செருப்பை வெளியே கழற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

அதிபர் சுரேந்திரன் நல்ல மனுசன்தான். பயந்த மனுசன். இன்வென்டரி புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே சாவியை அழகமுத்துவின் கையில் கொடுத்துவிட்டார்.

"நான் சொல்லாம ஆரு வந்து கேட்டாலும் தொறக்காதீங்க. டீச்சர்மார் கேட்டாலும் சரி. ஒண்ணு ஒடஞ்சா நான் பென்சன் போற வரைக்கும் கடுதாசி எழுதிக்கிட்டே இருக்கணும்."

"அப்ப எதுக்கு வாங்கினீங்க, சேர்?"

"குடுக்கிறதை வேணாம்னு சொல்ல ஏலுமா?"

அழகமுத்து சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அன்றையிலிருந்து அவருக்கு நிம்மதி போனது. நாட்டு நிலைமை அப்படி. எங்கே ஏதாவது காணாமல் போனாலும் பொலிஸ் முதலில் வந்து நிற்பது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வாசலில்தான். அதிபருக்காவது எழுதத் தெரியும். இவருக்கு என்ன தெரியும்? வந்த லொறியே இதுகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விட்டால் ஒரு தேங்காய் உடைக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறார்.

அந்தப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் கலைச்செல்வி டீச்சர். பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இரண்டு பஸ் மாறி வரும். பாடசாலையில் ஆய்வுகூடம் கிடையாது. ஒரு பூதக்கண்ணாடி இருந்தது, அதிலும் விரிசல். போன வருஷம் இதயத்தைப் பற்றிப் படிப்பிக்க வேண்டி வந்தபோது டீச்சர் பலாங்கொடை இறைச்சிக்கடையில் ஒரு ஆட்டு இதயம் வாங்கி, சொப்பிங் பேக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். பஸ் வளைவுகளில் ஆடி ஆடி வந்ததில் பை கசிந்து, கொண்டக்டர் கத்தி, பாதி வழியில் இறக்கிவிடப் பார்த்தான். வகுப்பில் அதை வெட்டிக் காட்டியதும் மூன்று பெண்பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பார்த்து இறைச்சியைத் தொட வைத்துவிட்டார் என்று திங்கட்கிழமை நாலு தாய்மார் சண்டைக்கு வந்தார்கள். வகுப்பைக் கழுவிவிட்டது அழகமுத்துதான்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் சனிக்கிழமைகளில் பலாங்கொடைக்கு ஒரு பயிற்சிக்குப் போகத் தொடங்கினார். விஞ்ஞான ஆசிரியர்களுக்குக் கொம்பியூட்டரில் பாடம் செய்யப் பழக்குகிற வகுப்பு. நாலு மாதம் போனார். சனிக்கிழமை பழகியதைத் திங்கட்கிழமை செய்துபார்க்க இடம் இல்லை. பாடசாலையில் ஐந்து மெஷின் பொலித்தீனுக்குள் தூங்கிக்கொண்டிருக்க, டீச்சர் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத்துக் கட்டங்களைக் கீறி, அதிலே விரலால் தட்டிப் பழகினார். அதிபரிடம் மூன்று தடவை சாவி கேட்டார். மூன்று தடவையும் அதிபர், "பாப்போம் டீச்சர்" என்றார்.

புரட்டாசி மாதம் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாவிக்காமல் வைத்திருக்கிற கொம்பியூட்டர்களை எடுத்து வேறு பாடசாலைகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். மூன்று வாரத்தில் ஆட்கள் வந்து ஒரு பாடத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, சாமான் இருக்கிறதா போகிறதா என்று அங்கேயே தீர்மானிப்பார்கள்.

அதிபர் ஓடி வந்தார். "அழகமுத்து, டீச்சருக்குத் தொறந்து விடுங்க. தினமும் தொறந்து விடுங்க."

"போறதுன்னா போகட்டுமே சேர். நமக்கும் பாரம் கொறையும்."

"வாய மூடிக்கிட்டுத் தொறங்க."

பாடசாலை விட்டதும் டீச்சர் அந்த அறைக்குள் போவார். கடைசி பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னேதான் வெளியே வருவார். மழைக்காலம். மத்தியானம் திரும்பினால் இடி. இரண்டு நாளைக்கு ஒரு தடவை கரண்ட் போகும். முதல் வாரமே டீச்சர் மூன்று நாள் செய்த வேலை ஒரு இடியில் மொத்தமாக அழிந்துபோனது. சேமித்து வைக்க மறந்துவிட்டாராம். அன்றைக்கு அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அழகமுத்து வாசலில் நின்று கொட்டாவி விட்டார்.

"டீச்சரம்மா, பஸ் போயிரும்."

"பத்து நிமிஷம் தாத்தா."

"இதத்தான் அரை மணிக்கு முன்னாடியும் சொன்னீங்க. நான் போய் சோறு திங்க வேணாமா?"

"இந்த அம்ப மட்டும் சரி பண்ணிட்டு வந்துர்றேன். ரத்தம் எங்கிட்டுப் போகுதுன்னு காட்டணும். மேல போகச் சொன்னா கீழ வருது."

"நெஞ்சுல கைய வச்சா ரத்தம் ஓடுறது தெரியும். அதுக்கு எதுக்கு கரண்டு?"

"ஓடுறது தெரியும் தாத்தா. எங்கிட்டு ஓடுதுன்னு தெரியுமா?"

அழகமுத்துவுக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சு என்ன, அதத் திருப்பியா விடப் போறோம்?" என்று சொல்லிவிட்டு மழையைப் பார்த்தார்.

வாரம் ஒரு தடவை பலாங்கொடையிலிருந்து றினாஸ் வருவான். அந்தச் சனிக்கிழமை வகுப்பைப் படிப்பிக்கிறவன். ஒல்லிப் பையன், முப்பது வயசு இருக்கும். இவ்வளவு தூரம் ஏறி வருகிறவன் வந்து வேலையைச் செய்துகொடுப்பான் என்று அழகமுத்து நினைத்திருந்தார். அவன் என்னவென்றால் டீச்சருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"ஏன் தம்பி, கையில ஏதும் நோவா?"

"இல்ல ஐயா. நான் தொட்டா எனக்குத்தான் பழகும், டீச்சருக்குப் பழகாது. அதுக்குத்தான் கைய அமத்தி வச்சீக்கிறேன்."

"இஸ்டோர்ல நாங்க இப்பிடி ஒக்காந்திருந்தா டீமேக்கர் தொரை வெளிய அனுப்பியிருப்பாரு."

றினாஸ் சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. கண் சிவந்து, தலைமுடி கலைந்து, அந்த அம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அழகமுத்துவுக்குப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. இந்தப் பாடு பட்டு என்ன ஆகப் போகிறது? வருகிறவர்கள் சாமானை எடுத்துக்கொண்டு போகிற முடிவோடுதான் வருவார்கள். தோட்டத்துப் பாடசாலையில் இருக்கிறதை எடுக்க அவர்களுக்குக் காரணமா கிடைக்காது?

ஆட்கள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை சரஸ்வதி பூசை. மண்டபத்தில் பிள்ளைகள் புத்தகங்களை அடுக்கி, அவல் கடலை வைத்துக் கும்பிட்டார்கள். பூசை முடிந்து எல்லாரும் போனபிறகு அழகமுத்து சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு கொம்பியூட்டர் அறையைத் திறந்தார். அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. ஆயுத பூசையில் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் விடுவதா? இஸ்டோரில் முப்பத்தெட்டு வருஷமும் ரோலர், சலிக்கிற மெஷின், லொறி, தராசு எல்லாவற்றுக்கும் அவர்தான் பொட்டு வைத்தவர். பெரிய துரையே சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறார். இங்கேயும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பலகை தொங்குகிறது. அப்புறம் என்ன?

ஐந்து கொம்பியூட்டருக்கும் நெற்றியில் சந்தனம் இழுத்துக் குங்குமம் வைத்தார். பிரின்டருக்கும் வைத்தார். புரொஜெக்டருக்கு நெற்றி எது என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் ஒரு மூடி இருந்தது. கழற்றினால் உள்ளே வட்டமாக, பெரிய கண் மாதிரிக் கண்ணாடி. முகம் இதுதான் என்று முடிவு பண்ணி, மூன்று விரலால் தாராளமாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, தூசி படாமல் மூடியையும் போட்டுவிட்டார். கற்பூரம் காட்டவில்லை. கரண்ட் சாமான், எதற்கு வம்பு.

வியாழக்கிழமை முழுநாளும் கரண்ட் இல்லாததால் அறையைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் வந்ததும் கொம்பியூட்டர்களின் பொட்டைப் பார்த்துச் சிரித்தார். "அழகாத்தான் இருக்கு தாத்தா. இருக்கட்டும்" என்றார். புரொஜெக்டரின் மூடியை ஒருவரும் கழற்றிப் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு, மழைச் சேற்றில் ஏறாத ஜீப்பைக் கீழே விட்டுவிட்டு மூன்று பேர் வந்தார்கள். அதிகாரிகள் இரண்டு பேர், மாத்தயாமார். அவர்களுக்கு மேலே ஒரு பெண் அதிகாரி, நோனா. பருத்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, கையில் ஃபைல். மேலே ஏறி வந்ததில் நோனாவுக்கு மூச்சு வாங்கியது, காலில் இரண்டு அட்டை வேறு. அழகமுத்து உப்புத் துணியால் அட்டையை எடுத்துவிட்டு, செருப்பை வெளியே விடச் சொன்னார். விட்டார்கள். றினாஸும் வந்திருந்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்குப் படங்கு கட்டி இருட்டாக்கினார்கள். அழகமுத்து கதவோரமாக நின்றுகொண்டார்.

"இன்னைக்கு நம்ம ஒடம்புக்குள்ள ரத்தம் போற பாதையப் பாக்கப் போறோம்" என்று சொல்லி டீச்சர் இருட்டில் தடவி மூடியைக் கழற்றி, மெஷினைப் போட்டார்.

சுவரில் மாட்டிய வெள்ளைத் துணியில் படம் வந்தது. வந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். அடுப்படிப் புகைக்குள்ளே இருந்து பார்க்கிற மாதிரி மங்கல். நடுவில் செக்கச்செவேலென்று ஒரு கறை. இதயம் எங்கே, அம்பு எங்கே, ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் கழுத்தை நீட்டினார்கள். ஒருவன், "டீச்சர், இதயத்துக்குக் காச்சலா?" என்றான். பின்னால் சிரிப்பு.

டீச்சர் வயரைப் பிடுங்கிச் செருகினார். வளையத்தைத் திருகினார். கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டார். இன்னும் மங்கல்தான். றினாஸ் எழும்பினான். நோனா கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார். "டீச்சரின் பாடம். டீச்சர் செய்யட்டும்" என்று சிங்களத்தில் சொன்னார். றினாஸ் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நோனா ஃபைலைத் திறந்து ஏதோ எழுதினார். அதிபர் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.

அப்போதுதான் அழகமுத்துவின் மூக்குக்கு வாசம் வந்தது. மெஷின் சூடாகச் சூடாக அறை முழுக்கச் சந்தன வாசம்.

அவர் பேசாமல் நின்றால் போதும். இன்னும் பத்து நிமிஷம். நோனா ஃபைலை மூடுவார், சாமானை ஏற்றச் சொல்வார், அரைஞாண் கயிற்றில் இருக்கிற பாரமும் அதோடு போகும். இரண்டு வருஷமாக வேண்டியது அதுதானே. டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வளையத்தைத் திரும்பவும் திருகிக்கொண்டிருந்தார், அதில் பிழை இல்லை என்று தெரிந்தும்.

"டீச்சரம்மா," என்றார் அழகமுத்து. "அது வேற ஒண்ணுமில்ல. அந்தக் கண்ணாடிக்கு நான் பொட்டு வச்சிருக்கேன்."

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அதிபர் தலையில் கையை வைத்தார். றினாஸ் தன் கண்ணாடி துடைக்கிற துணியை டீச்சரிடம் எறிந்து, "கரண்ட நிப்பாட்டிட்டு, ஈரமாக்கி மெதுவாத் தொடைங்க, அழுத்த வாணாம்" என்றான். டீச்சர் துடைத்தார். என்ன நடந்தது என்று ஒரு மாத்தயா நோனாவுக்கு விளக்கினார். நோனா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், ஃபைலால் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாம் தடவை படம் பளிச்சென்று வந்தது. நீல அம்பு இதயத்துக்குள் போனது, நுரையீரலுக்குப் போனது, சிவந்து திரும்பி வந்தது. டீச்சரின் குரலும் திரும்பி வந்தது. பிள்ளைகள் சிரிப்பை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இருபது நிமிஷம் இருமல் சத்தம்கூட இல்லை. அழகமுத்து படத்தைப் பார்க்கவில்லை. நோனாவின் முகத்தைத்தான் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை.

பாடம் முடிந்ததும் நோனா பாவனைப் பதிவேட்டைக் கேட்டார். அறையை எந்த நாள், எந்த வகுப்பு பாவித்தது என்று எழுதுகிற புத்தகம். அதிபர் கொண்டுவந்து நீட்டினார். நோனா பக்கங்களைப் புரட்டினார். இரண்டு வருஷமும் செவ்வாய், வியாழன், செவ்வாய், வியாழன். எல்லாம் ஒரே பேனை, ஒரே மை, ஒரே கை. பௌர்ணமி விடுமுறையான போயா நாளில்கூடப் பாடம் நடந்திருந்தது.

நோனா அதிபரைப் பார்த்தார். அதிபர் நிலத்தைப் பார்த்தார். நோனா கதவுப் பக்கம் திரும்பி, தாத்தா முறை வைத்துச் சிங்களத்தில் கேட்டார்.

"சீயா, சாவி உங்களிடம்தானே? உண்மையைச் சொல்லுங்கள். இந்த அறையை எத்தனை நாள் திறந்தீர்கள்?"

அழகமுத்துவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதிபர் அவரைக் கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். இவர்களுக்காகப் பொய் சொல்லத்தான் வேண்டுமா? அப்படிச் சொன்னாலும், கண்ணாடி போட்டுக்கொண்டு கணக்காகப் பார்க்கிற நோனாவிடம் அது நிற்குமா?

"இரண்டு வருஷம் பூட்டித்தான் கிடந்தது" என்றார் சிங்களத்தில். "கூட்டுவதற்கு மாதம் ஒரு தடவை திறப்பேன். வேறு ஒரு ஈயும் உள்ளே போகவில்லை."

அதிபரின் முகம் வெளிறியது. நோனா பேனையை எடுத்தார்.

அழகமுத்து நிறுத்தவில்லை. வாயைத் திறந்தால் மனசில் உள்ளதெல்லாம் வரும் மனுசன். "அதோடு முடியவில்லை நோனா. இந்த மூன்று வாரமாக என்னை உயிரோடு கொல்கிறார் இந்த டீச்சர். பாடசாலை விட்டால் இங்கே வந்து குந்திக்கொள்கிறார். இடி இடித்தாலும் எழும்புகிறதில்லை. செய்ததெல்லாம் ஒரு நாள் அழிந்துபோனது. சரி, இனி வரமாட்டார், நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோசப்பட்டேன். மறுநாள் முதலிலிருந்து தொடங்கிவிட்டார். பஸ்ஸை இரண்டு தடவை விட்டுவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தே போனார். நானும் டோர்ச் பிடித்துக்கொண்டு கூடப் போனேன், இந்த முழங்காலோடு. அந்தத் தம்பியும் வருவான். வந்து கையைக் கட்டிக்கொண்டு இருப்பான். சோறு ஆறிப்போகிறது என்றால் பத்து நிமிஷம் என்கிறார்கள். இவர்களுடைய பத்து நிமிஷத்துக்கு முடிவே கிடையாது. கொண்டுபோகிறதென்றால் கொண்டுபோங்கள். நானாவது நேரத்துக்குச் சாப்பிடுவேன்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நோனா பேனையை வைத்தார். மாத்தயாமாரோடு மெதுவாகப் பேசினார். பேசி முடிக்க நேரம் எடுத்தது. ஒரு மாத்தயா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நோனா இன்னும் ஏதோ சொன்னார். கடைசியில் அவரும் தோளை உயர்த்தி விட்டுக்கொடுத்தார்.

நோனா அதிபரிடம் வந்து நாலு வார்த்தை சொன்னார். சாமான் இப்போதைக்குப் போகவில்லை. மூன்று மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். அன்றைக்கு அறை பூட்டியிருந்தால் லொறியோடு வருவார்கள். சாவி இன்றையிலிருந்து டீச்சரிடம். பொய்ப் பதிவேட்டைப் பற்றி அதிபர் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

ஜீப் போனது. அதிபர் தன் கந்தோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழகமுத்து கயிற்றை அவிழ்த்துச் சாவியை டீச்சரிடம் நீட்டினார். பாரம் இறங்கியதாகத் தெரியவில்லை. முழங்கால் வலிதான் தெரிந்தது.

"தாத்தா, நீங்க மட்டும் சொல்லலைன்னா…"

"நான் ஒங்களுக்காகச் சொல்லல டீச்சரம்மா. கேட்டாங்க, சொன்னேன்."

"சரி. திங்கக்கிழமை எட்டாம் வகுப்புக்கு எடுக்கப் போறேன். நீங்களும் உள்ள வந்து ஒக்காந்து பாருங்க. இன்னைக்குப் படத்தப் பாக்கவே இல்ல நீங்க."

"பாத்து?"

"பாத்தாத்தானே தெரியும்."

"இங்க பாருங்க டீச்சரம்மா. மூணு மாசம் தொறந்து வப்பீங்க. அவுங்க வருவாங்க, தலைய ஆட்டிட்டுப் போவாங்க. பொறகு ஒங்களுக்கு ட்ரான்ஸ்பர் வரும். நல்லா படிப்பிக்கிறவங்கள எவன் இந்த மலையில விட்டு வப்பான்? புதுசா ஒரு டீச்சர் வரும், அதுக்கு இத எப்பிடிப் போடுறதுன்னே தெரியாது. இது எத்தனாவது தடவைன்னு நெனைக்கிறீங்க?"

றினாஸ் வயர்களைச் சுற்றிக்கொண்டே, "புதுசா வாறவங்களுக்கும் பழக்கத்தானே நாங்க ஈக்கிறோம் ஐயா" என்றான்.

"நீ எத்தன நாளைக்குத் தம்பி இருப்ப?"

றினாஸ் அடுத்த வயரைச் சுற்றத் தொடங்கினான்.

உள்ளேயிருந்து பிள்ளைகள் கத்தினார்கள். இன்னொரு தடவை போட வேண்டுமாம், அந்த நீல அம்பு சிவப்பாகிற இடத்தை மட்டும். டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

அழகமுத்து செருப்பை மாட்டினார். மழை தூறத் தொடங்கியிருந்தது. நாலு நாளைக்கு நடக்கும், அதற்கு மேலே பார்க்கலாம் என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியில் இறங்கி லயத்துப் பக்கம் நடந்தார்.